செயற்கைக் கால் வாங்குமுன் அறிய வேண்டியவை

(புதுச்சேரியில் ஊராட்சிப் பணியாளரும் உழவரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிணறு, சாலை, உரம், விதை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறுபட்டது. ஆயினும், அது நம் ஊர்களுக்கு அந்நியமானதன்று. பாகூர்ப் பக்கத்திலும், மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலும், எல்லைக்கு அப்பால் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களிலும், காலையோ கையையோ இழந்தவர் ஒருவரேனும் இல்லாத ஊர் அரிது. சாலை விபத்தில் இழந்தவர் உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்திலும் கரும்பு பிழியும் உருளையிலும் சிக்கி இழந்தவர் உண்டு. சர்க்கரை நோயினால் காலில் புண் கண்டு, அது அழுகி, உயிரைக் காக்கக் காலை எடுக்க நேர்ந்தவரும் உண்டு. இவர்களுக்கு மீண்டும் எழுந்து நடக்கும் வழி செயற்கை உறுப்பு. அதை எவ்வாறு ஆராய்ந்து பெறுவது என்பதே இன்றைய பேச்சு.

உழவர் ஒருவர் மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஏரில் பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறார். ஆனால், அதே உழவர் தமக்கொரு செயற்கைக் கால் வாங்கும்போது, விற்பவர் சொன்னதைக் கேட்டு, விலை கூடியது நல்லது என்று நம்பி, நகையை அடகு வைத்தோ, நிலத்தை ஒத்திக்கு விட்டோ பணத்தைக் கட்டிவிடுகிறார். சில மாதங்களில் அந்தக் கால் பரணுக்குப் போய்விடுகிறது. பணமும் போய், நடையும் போய், கடன் மட்டும் வீட்டில் நிற்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பழைய கலை, புதிய வழி

இழந்த உறுப்புக்கு மாற்று உறுப்புச் செய்யும் கலை மிகப் பழமையானது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் அம்புருவாஸ் பாரே என்னும் படை வைத்தியர் வாழ்ந்தார். அந்நாளில் காலை அறுத்தபின் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது வழக்கம். பாரே குருதிக் குழாய்களை நூலால் கட்டும் முறையைக் கையாண்டு பரப்பினார். அதோடு நில்லாமல், மடக்கிப் பூட்டக்கூடிய முழங்காலுடன் ஒரு செயற்கைக் காலையும், இயங்கும் விரல்களுடன் ஒரு கையையும் வடிவமைத்தார்.

பிரான்சு என்றதும் நம் புதுவைக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. 1914ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை நடந்த பெரும்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. நம் ஊர் மக்கள் 'சொல்தா' என்று அழைக்கும் படைவீரர் குடும்பங்கள் இன்றும் இங்கே உள்ளன. அப்போரில் கை கால் இழந்து மீண்டவர்கள் ஐரோப்பாவெங்கும் எண்ணற்றோர். அவர்களுக்காகவே செயற்கை உறுப்புத் தொழில் அங்கே வேகமாக வளர்ந்தது. நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், புனே நகரில் படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு நிலையம் அமைக்கப்பட்டது.

ஆனால் மேலை நாட்டுக் காலில் நமக்கு ஒரு சிக்கல் இருந்தது. அது பூட்சு அணிந்து நாற்காலியில் அமரும் மனிதருக்காகச் செய்யப்பட்ட கால். பூட்சின் குதிகால் உயரத்தைக் கணக்கிட்டே அதன் பாதம் அமைக்கப்பட்டிருக்கும். பூட்சைக் கழற்றிவிட்டு நடந்தால் உடல் பின்னோக்கிச் சாயும். சம்மணமிட்டு அமரவும், குந்தி உட்காரவும், சேற்றில் இறங்கவும் அது இடந்தராது. நம் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்புடன் போவதில்லை. வயலிலும் வெறுங்காலோடுதான் நிற்கிறோம்.

இந்தக் குறையை நீக்க 1968இல் ஜெய்ப்பூரில் ஒரு வழி பிறந்தது. எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினர். உள்ளே பஞ்சு போன்ற ரப்பரும் மரக்கட்டையும் வைத்து, மேலே டயர் ரப்பரைச் சுற்றி, அச்சிலிட்டு வேகவைத்து எடுப்பது அது. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், நீரில் இறங்கலாம். இதுவே 'ஜெய்ப்பூர் கால்' என்று பெயர் பெற்றது. 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இதை ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தி வருகிறது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. டாக்டரின் அறிவும் பட்டறைக்காரரின் கையும் ஒன்று சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இது நல்ல சான்று.

முதலில் செய்ய வேண்டியது

அறுவை முடிந்த உடனே செயற்கைக் கால் வாங்க ஓடுதல் கூடாது. புண் முழுவதும் ஆற வேண்டும். அதன்பின்னும் எஞ்சிய காலில் வீக்கம் இருக்கும். அது மெல்ல மெல்ல வற்றிச் சுருங்கும். இவ்வாறு சுருங்குவது பல மாதங்கள் தொடரும். சிலருக்கு ஓராண்டும் ஆகும். ஆகவே முதலில் பொருத்தும் காலைத் தற்காலிகக் கால் என்றே கருத வேண்டும். அதன் உறை சில மாதங்களில் தளர்ந்து போவது இயல்பு. இதை அறியாதவர் முதற் காலுக்கே கையிருப்பு முழுவதையும் செலவிட்டு, பின்னர் உறையை மாற்றப் பணமின்றித் தவிக்கின்றனர்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் எஞ்சிய காலைப் பதப்படுத்த வேண்டும். மருத்துவமனையில் கற்றுத்தருகிறபடி, இழுவையுள்ள கட்டுத்துணியால், நுனியில் அழுத்தம் மிகுந்தும் மேலே போகப்போகக் குறைந்தும் இருக்குமாறு குறுக்கு நெடுக்காகச் சுற்ற வேண்டும். முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத் தோன்றும். ஆனால் அது தீங்கு. மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த காலும் பயன்படாது. தினமும் மூட்டை நீட்டி மடக்கும் பயிற்சி அவசியம்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். எடுக்கப்பட்ட காலின் பாதம் அரிப்பதுபோலவும் வலிப்பதுபோலவும் பலருக்குத் தோன்றும். இது பேயுமன்று, மனப்பிறழ்வுமன்று. நரம்புகளும் மூளையும் பழைய உறுப்பை மறக்கவில்லை என்பதே காரணம். மந்திரிப்பவரிடம் போகாமல் டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

காலின் பகுதிகள் எவை?

முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டவருக்கும் மேலே எடுக்கப்பட்டவருக்கும் கால் வேறுபடும். சொந்த முழங்கால் எஞ்சியிருப்பது பெரும் செல்வம். அது உள்ளவருக்கு நடப்பதில் களைப்புக் குறைவு. அது இல்லாதவருக்கு ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும்.

செயற்கைக் காலில் முக்கியமானது 'சாக்கெட்' எனப்படும் உறை. எஞ்சிய காலை உள்ளே வாங்கிக்கொண்டு உடலின் பாரத்தைத் தாங்குவது அதுவே. மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அவரவர் காலுக்கென்று தனியே செய்ய வேண்டிய பொருள் இது. கடையில் அளவு சொல்லி வாங்கும் செருப்பைப் போன்றதன்று. தசையும் தசைநாரும் பாரத்தைத் தாங்க வேண்டும். எலும்பு முனைகள் தாங்கக் கூடாது. பாதம் எவ்வளவு உயர்ந்ததாயினும் உறை சரியில்லையெனில் கால் முழுவதுமே வீண். உறை சரியாக அமைந்த எளிய கால், உறை சரியில்லாத விலையுயர்ந்த காலைவிட நூறு மடங்கு மேல். இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காலைக் கழன்றுவிடாமல் பிடிக்கும் அமைப்பு. தோல் வார், இடுப்புப் பட்டை, ஊசிப்பூட்டுள்ள சிலிக்கோன் உறை, காற்று உறிஞ்சும் முறை எனப் பல உண்டு. நம் கடற்கரை வெப்பத்தில் வியர்வை மிகுதி. சிலிக்கோன் உறைக்குள் வியர்வை தேங்கினால் கொப்புளமும் படையும் வரலாம். நாள்தோறும் கழுவிக் காயவைக்க வேண்டும். இதைச் செய்ய வசதி உண்டா என்று முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முழங்கால் மூட்டு. முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கே இது வேண்டும். ஒற்றை அச்சு மூட்டு எளிது; மலிவு. நான்கு இணைப்புகள் கொண்ட மூட்டு ஊன்றி நிற்கையில் எளிதில் மடங்காது. அவ்வகையில் 'ஜெய்ப்பூர் முழங்கால்' என்பது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் ஜெய்ப்பூர் நிறுவனத்தாரும் சேர்ந்து மலிவு விலையில் உருவாக்கியது. 2009இல் 'டைம்' பத்திரிகை அதைச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. நுண்கணினி பொருத்திய மூட்டுகளும் உள்ளன. அவை நடையின் வேகத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் விலை பல லட்சம், மின்னேற்றம் வேண்டும், பழுதானால் நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும்.

நான்காவது, பாதம். பூட்சுக்கேற்ற பாதம், ஜெய்ப்பூர்ப் பாதம், கரிநாரினால் செய்த துள்ளும் பாதம் எனப் பலவகை உண்டு. ஒவ்வொன்றிலும் நன்மையும் குறையும் கலந்தே உள்ளன. ஜெய்ப்பூர்ப் பாதம் சற்றுக் கனமானது. கையால் செய்வதாதலால் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும்.

தொழிலுக்கேற்ற தெரிவு

'எந்தக் கால் நல்ல கால்?' என்று கேட்பது, 'எந்த விதை நல்ல விதை?' என்று கேட்பதைப் போன்றது. எந்த மண், எந்தப் பட்டம், எவ்வளவு நீர் என்று அறியாமல் விதையைச் சொல்ல இயலுமா?

நெல் வயலில் இறங்கும் உழவருக்கு வெறுங்காலுடன் நடக்கவும், வரப்பில் சாயாமல் நிற்கவும், குந்தவும் தக்க பாதம் வேண்டும்; நீர்பட்டால் ஊறாத பொருளால் கால் செய்யப்பட்டிருக்க வேண்டும். கடலோரத்தில் மீன்பிடி வேலை செய்பவர் உப்பையும் மணலையும் கவனிக்க வேண்டும். உப்புநீர் இரும்புத் திருகுகளை அரிக்கும். மணல் மூட்டுக்குள் புகுந்து தேய்க்கும். கடையிலோ அலுவலகத்திலோ செருப்பணிந்து நாள் முழுதும் அமர்ந்தும் நின்றும் பணிபுரிபவருக்கு இலேசான பாதம் போதும். ஆனால் குதிகால் உயரம் மாறாத செருப்பையே எப்போதும் அணிய வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தரையில் அமர்ந்து எழ முடிகிறதா என்பதே முதற் கேள்வி. முதியவருக்கும் இதயத் தளர்ச்சி உள்ளவருக்கும் கனமில்லாமையும் தடுக்கி விழாமையுமே பெரிது, வேகம் அன்று. வளரும் குழந்தைக்குக் கால் அடிக்கடி மாற்றப்பட வேண்டும். ஆதலின் விலையுயர்ந்த ஒன்றைவிட மாற்ற எளிதான ஒன்றே தக்கது.

கையை இழந்தவர் பற்றியும் ஒரு சொல். உண்மைக் கையைப் போலவே தோன்றும் செயற்கைக் கை கண்ணுக்கு அழகு. ஆனால் அதனால் கயிற்றைப் பிடிக்கவோ மண்வெட்டியைத் தாங்கவோ இயலாது. தோள் அசைவினால் திறந்து மூடும் கொக்கிக் கை பார்வைக்குக் கரடுமுரடானாலும் வேலைக்கு உதவும். தசையின் மின்னசைவால் இயங்கும் கை வியப்பானது. சேற்றுக்கும் நீருக்கும் அஞ்சுவது. திருவிழாவுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. எது எதற்கு என்று முன்னரே தெளிந்திருப்பதே வேண்டுவது.

விலையும் கணக்கும்

செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிவதன்று. வழக்கமாக மூன்று முதல் ஐந்தாண்டுகளில் அது தேய்ந்துவிடும். முப்பது வயதில் காலை இழந்தவர் அறுபது வயது வரை உழைப்பதாகக் கொண்டால், நான்காண்டுக்கு ஒன்று வீதம் ஏழெட்டுக் கால்கள் வேண்டும். முதற் காலுக்கே நிலத்தை விற்றவர் இரண்டாவதற்கு எதை விற்பார்? ஆகையால், இன்று வாங்க முடிகிறதா என்று மட்டும் பாராமல், நான்காண்டு கழித்து மீண்டும் வாங்க முடியுமா என்றும் கணக்கிட வேண்டும்.

பணம் கட்டுமுன் விற்பவரிடம் இவற்றைக் கேட்டறியுங்கள்:

1. காலைப் பொருத்துபவர் முறையாகப் பயின்றவரா? 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா?

2. உறை, மூட்டு, பாதம் ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியே எவ்வளவு? எது இந்தியாவில் செய்தது, எது வெளிநாட்டது?

3. உத்தரவாதம் எவ்வளவு காலம்? அதில் உறையும் அடங்குமா?

4. கால் சுருங்கியபின் உறையை மாற்ற எவ்வளவு கேட்பீர்கள்?

5. பழுது பார்க்கும் இடம் எங்கே? உதிரிப் பாகம் கிடைக்குமா? எத்தனை நாளாகும்?

6. நடைப் பயிற்சி தருவீர்களா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

7. என்னைப்போல் வயலில் வேலை செய்யும் ஒருவர் இதை அணிந்திருந்தால் அவரைக் கண்டு பேச முடியுமா?

பதில்களை எழுத்தில் பெறுங்கள். ரசீதின்றிப் பணம் தராதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செயற்கைக் கால் வாங்குபவருக்கும் பொருந்தும். ரசீது இருந்தால்தான் குறைதீர் ஆணையத்தில் வழக்குரைக்க இயலும்.

பொருத்தும் நாளில் அவசரம் வேண்டா. முதலில் நேராக நின்று, இடுப்பின் இருபுறமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் நடந்தபின் காலைக் கழற்றி எஞ்சிய காலைப் பாருங்கள். சிவந்த இடங்கள் பத்து நிமிடத்தில் மறைந்தால் குற்றமில்லை. மறையாவிட்டால், அல்லது எலும்பு முனையில் சிவந்திருந்தால், உறையைத் திருத்தக் கேளுங்கள். படியேறிப் பாருங்கள், தரையில் அமர்ந்து எழுந்து பாருங்கள், சரிவில் இறங்கிப் பாருங்கள். 'போகப்போகப் பழகிவிடும்' என்னும் சொல்லை முழுவதும் நம்ப வேண்டா. பழக்கம் நடைக்கு வரும், புண்ணுக்கு வராது.

உதவி கிடைக்கும் இடங்கள்

புதுவையில் நமக்கு அருகிலேயே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. 1964இல் இன்றைய பெயர் பெற்றது. அங்கே உடல் மறுவாழ்வு மருத்துவத்துக்கெனத் தனித்துறை இயங்குகிறது. சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. அதற்கு வழிகோலிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தினால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்த பெருமாட்டி.

மைய அரசின் செயற்கை உறுப்பு உற்பத்தி நிறுவனமாகிய 'அலிம்கோ' 1972இல் கான்பூரில் நிறுவப்பட்டது. 1981 முதல் 'அடிப்' என்னும் திட்டத்தின் கீழ், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உறுப்புகள் இலவசமாகவோ பாதி விலையிலோ வழங்கப்படுகின்றன. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனத்துக்கு மருத்துவச் சான்று வேண்டும். ஒருமுறை பெற்றவர் மூன்றாண்டு கழித்து மீண்டும் பெறலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும். புதுவையில் சமூக நலத்துறையிலும், தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளி நல அலுவலரிடமும் விவரம் கேட்கலாம். சொந்தப் பணத்தைச் செலவிடுமுன் இவ்விடங்களுக்கு ஒருமுறை போய்வருவது அறிவுடைமை.

இலவச முகாம்கள் நடப்பதும் நன்றே. ஆயினும் முகாம் முடிந்து வண்டி போனபின், உறை தளர்ந்தால் யாரிடம் போவது என்று கேட்டு முகவரி பெற்றுக்கொள்ள வேண்டும். இலவசமாயினும் பொருந்தாத கால் பொருந்தாததே.

பேணும் முறை

எஞ்சிய காலை இரவுதோறும் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, கண்ணாடியைக் கீழே பிடித்துப் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். பருத்தி உறையை நாளும் துவைத்து மாற்ற வேண்டும். செயற்கைக் காலின் உறையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வயலிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தால் நன்னீரால் கழுவிக் காயவைக்க வேண்டும். கொப்புளம் கண்டால் அன்றே காலைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர் எஞ்சியுள்ள மற்றொரு பாதத்தைக் கண்ணெனக் காத்தல் வேண்டும். ஒன்றைப் பறித்த நோய் மற்றதையும் பறிக்கக் காத்திருக்கிறது.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி அன்பர்களே! உங்கள் ஊரில் உறுப்பிழந்தோர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுள் சான்றும் அடையாள அட்டையும் இல்லாதவருக்கு அவற்றைப் பெற்றுத்தாருங்கள். முதன்முறை மருத்துவமனைக்குப் போகும்போது படித்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். முன்பே கால் பொருத்தி நன்கு நடப்பவரைப் புதிதாக இழந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நூறு புத்தகம் தராத தெளிவை அவர் ஒரு நாழிகையில் தருவார். ஊராட்சி அலுவலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் படியோடு ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அவர்களது உரிமையாக்கியுள்ளது. கதிரடிக்கும் இயந்திரங்களுக்குக் காப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு காலைக் காப்பது நூறு செயற்கைக் கால் கொடுப்பதினும் மேல்.

செயற்கைக் கால் வாங்குபவர் இரக்கத்துக்குரியவராக நிற்கவேண்டியதில்லை. கேள்வி கேட்கும் உரிமையுள்ள நுகர்வோராகவும், மீண்டும் ஏர் பிடிக்கப் போகும் உழவராகவும் நிற்க வேண்டும். அவர் பக்கத்தில் ஊராட்சியும் நிற்குமானால், பரணில் கிடக்கும் கால்கள் குறையும்; வரப்பில் நடக்கும் கால்கள் பெருகும்.